வெயில் மீசை

வெள்ளைக்கரட்டு மில்லில் யாரும் தன் துண்டைத் தானே கட்டிக்கொள்ள மாட்டார்கள். சங்கு ஊதுவதற்கு முன்னால் மூட்டைப் பிரிவுப் பெண்கள் கொட்டகை வாசலில் ஒருத்தி முதுகுக்குப் பின் ஒருத்தியாக வரிசை பிடித்து நிற்பார்கள். தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டாய் மடித்து மூக்குக்கும் வாய்க்கும் மேல் அவரவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்னால் நிற்பவள் பிடரியில் இழுத்து முடிச்சுப் போடுவாள். தன் கை தன் பிடரிக்குப் போனால் பாதிப் பலம்தான் போகும். முடிச்சு தளரும். தளர்ந்த இடத்தில் மாவு நுழையும். கடைசியில் நிற்பவளுக்கு முதலில் நின்றவள் சுற்றி வந்து கட்டுவாள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. செத்துப்போனவர்கள் விட்டுப்போன வழக்கம்.

மாவு என்றால் கல்மாவு. கரட்டை வெடிவைத்து எடுத்த வெள்ளைக்கல்லை அரைத்து, முகத்துக்குப் பூசும் பவுடர் பதத்துக்குக் கொண்டுவந்து, மூட்டை பிடித்து அனுப்புவார்கள். வெயிலில் மின்சாரம் பிடிக்கும் கண்ணாடிகள் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலம். அந்தக் கண்ணாடிக்கான மாவு இங்கிருந்து போயிற்று. மூட்டை பிடிக்க ஒருமுறை இயந்திரக் கைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாவு அவற்றின் மூட்டுகளுக்குள் புகுந்தது. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பழுது பார்க்க வந்தவன் இந்தத் தூசியில் இயந்திரம் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனான். பெண்கள் நின்றார்கள்.

அந்த வரிசைக்கு மூத்தவள் நல்லம்மாள். அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு முன்னால் வேலைக்கு வந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அவள் புருஷன் ராசப்பன் அரவை இயந்திரத்துக்குக் கல் கொட்டியவன். நெஞ்சு கல்லாகிச் செத்தான். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சுவரில் சாய்ந்தே கிடந்த கடைசி நாட்களில் அவன் கேட்டது ஒன்றுதான். "என்ற தங்கச்சிய மாத்திரம் இந்த மாவுக்குள்ள உட்றாதே."

நல்லம்மாள் சரி என்றாள். சாகிறவனிடம் வேறு என்ன சொல்வது. கருமாதி முடிந்து அரிசிப்பானையின் அடி தெரிந்தபோது அந்தத் தங்கை பாவாயி தானாகவே அண்ணனின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இருபது வயதுப் பெண். மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்காது. நல்லம்மாளுக்கோ அப்போதே பாதி மூச்சுதான் இருந்தது. தடுக்க வாய் வரவில்லை.

அவளை மில்லுக்குள் விடாமல் இருக்க முடியவில்லை. மாவு அவளுக்குள் போகாமலாவது பார்த்துக்கொள்ளலாம். நல்லம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது. அன்று முதல் பாவாயியின் பிடரிக்குப் பின்னால் அவள்தான் நின்றாள். வேறு யாரையும் கட்ட விடவில்லை. கழுத்தை நெரிக்கிறீர்களா நங்கையா என்று பாவாயி கத்துவாள். அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்பார்கள். நான் நெரித்தால் சாயங்காலம் அவிழ்த்துவிடலாம், மாவு நெரித்தால் அவிழ்க்க முடியாது என்று நல்லம்மாள் இன்னும் ஒரு இழுப்பு இழுப்பாள்.

நசீமா வந்தது ஒரு மாசிக் கடைசியில். ஆம்பூர்க்காரி, ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்பவள். தோல் பதனிடும் ஊரில் பிறந்தவள் ஆகையால் எந்த நாற்றத்துக்கும் தூசிக்கும் முகம் சுளிக்கவில்லை. அதனாலேயே பெண்கள் அவளை உட்காரச் சொன்னார்கள். டாக்டரம்மா என்று கூப்பிட்டதற்கு, நான் ஊசி போடும் டாக்டர் இல்லை, வேதியியல் படித்த டாக்டர் என்றாள். அப்படியானால் வலிக்காது என்றாள் கொழந்தாயி. அந்த வரிசையில் வாய் அவளுக்குத்தான்.

நசீமா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய பட்டைகள். ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். சுண்டுவிரல் நீளம், இலைப்பச்சை நிறம், ரப்பர் போல வளைந்தது. இளைப்பு முற்றியவர்கள் யார் என்று கேட்டபோது எல்லாரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள்.

"இதுக்குள்ள ஒரு வாயுவை முடிச்சுப் போட்டு வெச்சிருக்கோம்மா. வெளிச்சம் பட்டா முடிச்சு அவிழும், வாயு வெளிய வரும். மூக்குக்குக் கீழ ஒட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்தா போதும். மூச்சோட உள்ள போயிடும்."

"உள்ள போயி என்னுங்க பண்ணும்?"

"உங்க நெஞ்சுக்குள்ள ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிக் கெடக்கு. அதை விரிச்சு விடும். இழுக்கிற காத்து ரத்தத்துல சேரும்."

நல்லம்மாள் யோசித்தாள். "மடையத் தொறந்து உடற மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான். ஆனா குளத்துல சேர்ந்த மண்ணை இது எடுக்காது. மண்ணு அப்படியே கெடக்கும். மடை மட்டும் தொறக்கும். இதை மறந்துடக் கூடாது."

இதே வாயுவைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இரும்பு சிலிண்டரில் அடைத்து, ஆள் உயர இயந்திரம் வைத்துக் கொடுக்கிறார்கள் என்றாள். இந்தக் கரட்டுக்கு அது எந்தக் காலத்திலும் வராது. தன் பட்டைக்குச் சிலிண்டர் வேண்டாம், கரண்டு வேண்டாம், பேட்டரிகூட வேண்டாம். வெயிலுக்கு யார் பில் போடப் போகிறார்கள் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான். பல வருஷம் அதற்காக உழைத்திருக்கிறாள்.

சில நிபந்தனைகள் சொன்னாள். காலையில் வேலைக்கு முன், சாயங்காலம் வேலைக்குப் பின், வெயிலில் உட்கார்ந்து போட வேண்டும். பச்சை வெளுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது, தூக்கி எறிந்துவிடலாம். பழகிய பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது. விரிந்த குழாய் முன்னைவிட மோசமாகச் சுருங்கும். முக்கியமாக, மில்லுக்குள் இது கூடாது. அங்கே துண்டுதான்.

மறுநாள் காலை வாசலில் நல்லம்மாள் பச்சைப் பட்டையுடன் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். மேலுதட்டில் மீசை முளைத்தாற்போல் இருந்தது. அடுத்த வாரம் இன்னும் சிலருக்குக் கிடைத்தது. கொழந்தாயி தன்னுடையதை ஓரத்தில் முறுக்கிவிட்டுக் கொண்டாள். "மீசை வெச்சவளெல்லாம் ஆம்பளக் கூலி கேளுங்கடி. இனி என்ன சாக்குச் சொல்லுவானுங்கன்னு பாக்கலாம்." பட்டைக்குக் கம்பெனி வைத்த பெயர் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. மீசை என்றே ஆயிற்று.

மீசை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. நல்லம்மாள் பல வருஷத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பாவாயி அடுப்படியில் நின்று, நங்கையாளுக்குப் பாடத் தெரியும் என்பதே தனக்குத் தெரியாது என்றாள். தனக்கும் மறந்துபோயிருந்தது என்றாள் நல்லம்மாள்.

காலையில் வாங்கிய மூச்சு மத்தியானம் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. கேடு அங்கே தொடங்கியது.

முன்பெல்லாம் மூச்சு நாள் முழுக்கவே இறுக்கமாக இருந்தது. அது பழகிய துன்பம். இப்போது நல்ல மூச்சு என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு இழப்பது கஷ்டம். மத்தியானத்துக்கு மேல் ஈரத்துண்டுக்குள் திணறும்போது நல்லம்மாள் சாயங்காலத்துக்காக ஏங்கினாள். ஒரு நாள் சோற்று நேரத்தில் வெயிலில் ஒரு மீசை போட்டாள்; நேரம் முடிந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். இருட்டில் மீசை சும்மா கிடந்தது.

கொட்டகையின் வடமூலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஒரு இடத்தில் உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கி நின்றது. நல்லம்மாள் மூட்டையை அதற்கு அடியில் இழுத்துப் போட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் துண்டைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் மடை திறந்தது. துண்டை மறுபடி ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்த மூட்டை முடியட்டும் என்று நினைத்தாள். அடுத்த மூட்டையும் முடிந்தது.

அந்த வெயில் தூணுக்குப் போட்டி வந்தது. மீசைக்காரிகள் முறை வைத்து நின்றார்கள். பிறகு முறை மீறிச் சண்டை போட்டார்கள். விஷயம் முதலாளி செங்கோடன் காதுக்குப் போயிற்று. அவர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கணக்குத் தெரிந்த மனிதர். முன்பு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்த பெண்கள் இப்போது மத்தியானத்துக்கு மேலும் காலைபோல வேலை செய்வதைப் பார்த்தார். அந்த மாதமே கூரையின் பாதித் தகடுகளைக் கழற்றிவிட்டு வெளிச்சம் புகும் கண்ணாடித் தகடுகள் போட்டார். மீசைகளையும் வாசலில் ஒரு பெட்டியில் போட்டு, வேண்டியவள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பெண்கள் அவரை வாழ்த்தினார்கள். ஆடிக்கு அவர் வீட்டுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோனார்கள்.

வெளிச்சம் வந்த பிறகுதான் கொட்டகைக்குள் எவ்வளவு மாவு மிதக்கிறது என்று தெரிந்தது. இத்தனை காலம் அரையிருட்டில் அது தெரியவில்லை. இப்போது தகட்டுக்கு அடியில் காற்றே பால்போல் நின்றது. பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூட்டை பிடித்தார்கள். மூச்சுதான் நன்றாக இருக்கிறதே.

தூசியை அமுக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சில மேலே ஓடிக்கொண்டிருந்தன. ஈரத்தில் மாவு கட்டி தட்டுகிறது என்று வாங்குகிறவர்கள் புகார் சொல்ல, அவற்றையும் அடைத்தார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி இதைக் கேட்டபோது செங்கோடன் அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் நிறுத்தினார். "காது கொடுத்துக் கேளுங்க சார். ஒருத்திக்காச்சும் எளைப்பு இருக்குதா?" அதிகாரி கேட்டார். அரவைச் சத்தம்தான் இருந்தது.

வரிசை எப்போது கலைந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. மீசைக்காரிகளுக்குத் துண்டு வேண்டாம். துண்டு வேண்டாதவள் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? அவர்கள் நேராக உள்ளே போனார்கள். மீதி இருந்தவர்கள் இளம்பெண்கள், நெஞ்சு கெடாதவர்கள், மீசை தேவைப்படாதவர்கள். அவர்களுக்குக் கட்டிவிட ஆள் இல்லை. கொஞ்ச நாள் தாமே கட்டிக்கொண்டார்கள். அது தளர்ந்து தளர்ந்து கழுத்துக்கு வந்தது. கழுத்தில் கிடப்பதை எதற்குச் சுமப்பது என்று பிறகு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். மூத்தவர்களே முகத்தைத் திறந்து போட்டு வேலை செய்கிறார்கள், இளையவளுக்கு என்ன வந்தது.

அந்த மாதங்களில் நல்லம்மாள் பாவாயியின் பிடரிக்குப் பின்னால் நிற்கவில்லை. சங்குக்கு முன்னால் உட்கார்ந்து மீசைக்கு வெயில் காட்டுவதில் அவளுக்கு நேரம் போயிற்று. இரட்டை முறை வேலை செய்தாள். தனக்குத் திரும்பக் கிடைத்த உடம்பைத் தானே பார்த்து வியந்துகொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் துண்டு கட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க ஒரு கணம் போதும். அந்த ஒரு கணம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் நசீமா திரும்ப வந்தாள். மீசை போட்டவர்களின் மூச்சை அளந்து பார்க்க ஒரு கருவியும் கொண்டுவந்திருந்தாள். அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கொட்டகை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கண்ணாடித் தகட்டின் வெளிச்சத்தில் எல்லா முகங்களும் திறந்திருந்தன. புருவம், இமை, உதடு எல்லாம் வெள்ளை. மூக்குக்குக் கீழே மட்டும் பச்சை. சிலருக்கு அதுவும் இல்லை.

செங்கோடனோடு அவள் பேசிய பேச்சு ஆபீஸ் அறைக்கு வெளியே கேட்டது. தண்ணீர்க் குழாயைத் திற, துண்டு கட்டச் சொல், இல்லாவிட்டால் பட்டை வராது என்றாள் அவள். உங்களிடமிருந்து வராவிட்டால் வேறு கம்பெனியில் வாங்கிக்கொள்கிறேன், இப்போது மூன்று கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள், கோயம்புத்தூரில் கடையிலேயே கிடைக்கிறது என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். அது உண்மையும்கூட.

வெளியே வந்து நசீமா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நல்லம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாத்துக்கும் மூச்சு நல்லா இருக்குதுங்க டாக்டரம்மா. நீங்க எதுக்கு வெசனப்படறீங்க?"

"மூச்சு நல்லா இருக்கறதாலதான் வெசனம். மூச்சு முட்டறது உடம்பு போடற சத்தம்மா. உள்ள மண்ணு சேருது, ஓடிப்போன்னு கத்துது. அந்தச் சத்தத்தை நான் அமத்திட்டேன்."

பிறகு தன்னிடமே சொல்வதுபோலச் சொன்னாள். பட்டைக்கு உள்ளேயே ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் முதலில் செய்தோம். துண்டுக்கு உள்ளே போட்டாலும் அது எரிந்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் ஏழைகள் எங்கே போவார்கள் என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். வெயில் போதும் என்றேன். வெயிலுக்கு முகத்தைத் திறக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நல்லம்மாள் அவளைக் குறை சொல்லவில்லை. மில்லுக்குள் கூடாது என்று அவள் சொல்லியும் கேட்காமல் துண்டை முதலில் இறக்கியது யார் என்பது நல்லம்மாளுக்குத் தெரியும். அவள் கேட்டது வேறு.

"மீசை போடாத புள்ளைங்களுக்கு?"

"அவங்களுக்கும் மண்ணு சேரும். சத்தம் வர நாளாகும், அவ்வளவுதான். உங்க நாத்தனார் இருக்காளே, அவளை எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்க. இன்னும் காலம் இருக்கலாம். முடிஞ்சா மில்லை விட்டே அனுப்பிடுங்க."

அன்று வீட்டில் நல்லம்மாள் அதைச் சொன்னபோது பாவாயி பேச்சை வளர்க்கவில்லை. படத்தில் புள்ளி தெரிந்தவளை முதலாளி மறுநாளே நிறுத்திவிடுகிறார், அதனால் யாரும் எக்ஸ்ரேக்குப் போவதில்லை என்றாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போ, அங்கே தங்க இடம் கொடுக்கிறார்கள் என்றாள் நல்லம்மாள். போகலாம், மழைக்காலத்தில் உங்களை யார் வெளிச்சத்தில் தூக்கி வைப்பார்கள் என்று கேட்டாள் பாவாயி. பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "எனக்கென்ன கேடு வந்துச்சு நங்கையா. நான் எளைக்கறனா?" என்றாள். அவள் இளைக்கவில்லைதான்.

மறுநாள் காலை நல்லம்மாள் மீசை போடவில்லை. பழைய துண்டைத் தேடி எடுத்து, தொட்டியில் நனைத்துப் பிழிந்துகொண்டு, கொட்டகை வாசலில் வரிசை தொடங்கும் இடத்தில் போய் நின்றாள். பின்னால் யாரும் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மீசையை மழிச்சுட்டியாக்கும் என்று கொழந்தாயி கேட்டாள். நல்லம்மாள் பாவாயியின் தோளைப் பிடித்துத் திருப்பி, துண்டை அவள் முகத்தில் வைத்து, பிடரியில் இறுக்கிக் கட்டினாள். தனக்குக் கட்டச் சொல்லித் திரும்பி நின்றாள். பாவாயி கட்டிவிட்டாள்.

திடீரென்று நிறுத்தக் கூடாது என்று நசீமா முதல் நாளே சொல்லியிருந்தாள். நல்லம்மாளுக்கு அது மறக்கவில்லை. மீசையோடு நின்றால் துண்டு கட்டச் சொல்ல வாய் எழும்பாது. மூத்தவள் செய்து காட்டினால் ஒருத்தியாவது திரும்புவாள் என்று நினைத்தாள். மூச்சுதானே, பழைய மூச்சுக்குத் திரும்புவோம், அதோடு இத்தனை வருஷம் இருந்தவள்தானே என்று நினைத்தாள். பழைய மூச்சு அங்கே அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

சோற்று நேரத்துக்கு முன்னாலேயே உதடு நீலம் பாரித்தது. மூட்டையின் மேல் குப்புற விழுந்தாள். நெஞ்சுக்குள் மடை எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. பாவாயிதான் அவளை இரண்டு கைகளுக்கும் அடியில் பிடித்துத் தரதரவென்று வெளியே வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். துண்டைப் பிடுங்கி எறிந்தாள். கொழந்தாயி தன் மடியிலிருந்து கறுப்புத் தாளைக் கிழித்து ஒரு மீசையை நீட்டினாள். நல்லம்மாளின் மேலுதட்டில் மாவும் வேர்வையும் குழைந்து கிடந்ததால் அது ஒட்டவில்லை. பாவாயி தன் முந்தானையால் அழுந்தத் துடைத்து, ஒட்டி, வழுக்காமல் விரலால் பிடித்துக்கொண்டு, அண்ணியின் முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும், "இழுங்க நங்கையா, இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில் நல்லம்மாள் கட்டிவிட்ட துண்டு பாவாயியின் கழுத்தில் வளையமாகக் கிடந்தது.

நல்லம்மாள் பிழைத்தாள். நீலம் மெல்ல வடிந்தது. கண் திறந்தபோது அவளுக்கு மேலே பாவாயியின் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவள் அண்ணன் சாவதற்கு முன்னால் வேலை விட்டு வரும்போது அப்படித்தான் இருப்பான்.

நசீமா சொல்லிக்கொடுத்தபடி நல்லம்மாள் அதன் பிறகு மீசையைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். முழுதாக விட முடியவில்லை. காலையும் மாலையும் வெயிலில் உட்காராவிட்டால் நெஞ்சு மூடிக்கொள்ளும். அந்தக் குறைந்த அளவை வைத்துக்கொண்டு மூட்டை பிடிக்க முடியாது. மில் வேலை போயிற்று. வீட்டுக்குச் சோறு பாவாயியின் கையிலிருந்து வந்தது. பாவாயி திருப்பூர் பேச்சை எடுக்கவே விடவில்லை.

வேலை இல்லாவிட்டாலும் நல்லம்மாள் காலையில் மில் வாசலுக்கு வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில், வெயில் முதலில் விழும் இடத்தில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். மேலுதட்டில் மீசை. மடியில் வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டுவந்த துண்டுகள். உள்ளே போகிற இளம்பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். முதலில் யாரும் நிற்கவில்லை. திட்டினாள். செத்த அவர்கள் தாய்மார்களின் பெயரைச் சொல்லித் திட்டினாள். பிறகு ஒருத்தி வந்து எதிரில் முதுகு காட்டிக் குந்தினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கட்டாவிட்டால் இந்தக் கிழவி விடமாட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் மறுபடி ஒரு வரிசை வந்துவிட்டது. முன்புபோல ஒருத்தி பின்னால் ஒருத்தி அல்ல. எல்லாரும் நல்லம்மாளுக்கு முன்னால்.

பாவாயி எப்போதும் வரிசையில் கடைசி. சங்கு ஊதும் நேரத்துக்குத்தான் வந்து முதுகைக் காட்டுவாள். நல்லம்மாள் அவளுக்கு மட்டும் இரண்டு முடிச்சுப் போடுவாள். பாவாயி திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். வாளியில் உட்கார்ந்தபடி நல்லம்மாள் அவள் போவதைப் பார்ப்பாள். படியில் தாவி ஏறுவாள். மூட்டையைத் தோளில் அடித்து நிமிர்வாள். இளைப்பு இல்லை. இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் நல்லம்மாள் காது கொடுத்துக் கேட்பாள். சீரான மூச்சு. ராசப்பனுக்குச் சொன்ன சொல்லில் பாதியாவது காப்பாற்றிவிட்டோம் என்று அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள்.

மாசியில் ஒரு காலை மூட்டம் போட்டிருந்தது. வெயில் வெளிறிக் கிடந்தது. மற்றவர்கள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாவாயி வந்து முதுகு காட்டி நின்றாள். நல்லம்மாள் எழுந்து துண்டின் இரண்டு முனையையும் பிடித்து வழக்கம்போல இழுத்தாள். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதற்கு இழுக்கும்போது பாவாயியின் கை பின்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"கொஞ்சம் தளத்திக் கட்டுங்க நங்கையா."

"ஏன், கழுத்து வலிக்குதா?"

பாவாயி திரும்பவில்லை. "இன்னிக்கு மோடமா இருக்குது. உள்ள போயி இறுக்கின முடிச்ச அவுக்கறதுக்குள்ள நேரமாயிருது. வெளிச்சம் படோணுமில்ல."

நல்லம்மாளுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். துண்டை மூக்கிலிருந்து கீழே இறக்கினாள். மேலுதட்டில் பச்சை இருந்தது. ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"எப்பலிருந்து?"

"நீங்க உழுந்தீங்களே, அதுக்கு முன்னாலயே." பாவாயி தரையைப் பார்த்தாள். "மூட்டை தூக்கினா மூச்சு வாங்குச்சு. கொழந்தாயிக்கா ஒண்ணு குடுத்துச்சு. அப்பறம் வாசப் பொட்டியில எடுத்துக்கிட்டேன். ஊட்டுக்கு வரும்போது எடுத்துப்போடுவேன். அன்னிக்கு உங்கள வெளிய இழுக்கும்போதும் பிச்சுப் போட்டுட்டேன். காலையில நீங்க எப்பவும் முதுகத்தானே பாக்கறீங்க."

சங்கு ஊதியது. பாவாயி மறுபடி திரும்பி நின்று துண்டை மூக்கின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கட்டட்டும் என்று காத்திருந்தாள். அவள் மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது.

நல்லம்மாள் போட்டிருந்த முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு முனைகளையும் மறுபடி கையில் பிடித்தாள். அவள் விரல்களுக்கு ஒரே வகை முடிச்சுதான் தெரியும். அதை மாற்றிப் போட்டுப் பழக்கமில்லை. இழுக்காமல், மடிப்பு மடிப்பின் மேல் தானாக விழும்படி விட்டு, தொட்டால் நழுவும்படி மெல்லக் கட்டினாள்.

"போதுமா?"

"போதுமுங்க நங்கையா."

பாவாயி படியைத் தாவி ஏறி உள்ளே போனாள். கண்ணாடித் தகட்டுக்கு அடியில் போய் நின்றதும் துண்டை விரலால் கழுத்துக்கு இறக்கி, முகத்தை மேலே தூக்கினாள்.